வேலைக்குப் போகும் வழியில் ஒரு படம்: சைக்கிளும் கேமராவுமாகத் தொடங்குபவர்களுக்கு

படம் எடுக்க நேரம் கிடைப்பதில்லை என்று வருத்தப்படுபவர்களில் பலர் தினமும் ஒன்றரை மணி நேரத்தைச் சாலையில்தான் கழிக்கிறார்கள். வாரம் முழுக்க அந்த நேரத்தைப் பஸ் நெரிசலுக்குக் கொடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கேமராவைத் தூக்கிக்கொண்டு மாமல்லபுரம் போகிறார்கள். அங்கே அதே கோயிலை அதே கோணத்தில் எடுக்க ஏற்கெனவே ஒரு கூட்டம் நின்றுகொண்டிருக்கும்.

வேலைக்குப் போய்வரும் சாலையைச் சைக்கிளில் கடந்து பாருங்கள். பஸ்ஸிலிருந்து எதைப் பார்த்தாலும் இறங்க முடியாது. மோட்டார் சைக்கிளில் போனால் பார்த்து முடிப்பதற்குள் இடம் பின்னால் போய்விடும். நடந்தால் பத்து கிலோமீட்டர் போய்ச் சேர முடியாது. மணிக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து கிலோமீட்டர் என்ற வேகத்தில்தான் கண்ணுக்கும் வேலை நடக்கிறது, அலுவலகத்துக்கும் நேரத்தில் போய்ச் சேரலாம். அதைவிடப் பெரிய லாபம், அதே இடத்தை அதே நேரத்தில் ஆண்டு முழுவதும் பார்க்கிறீர்கள். ஒரு நாள் சுற்றுலாவில் எவ்வளவு நல்ல கேமரா கையில் இருந்தாலும் அந்த வசதி கிடைக்காது.

நான் எழுதுவது சென்னையை வைத்து. குறிப்பாக, எனக்குப் பழக்கமான திருவான்மியூர் முதல் பாரிமுனை வரையிலான கடலோர வழியை வைத்து. உங்கள் ஊர் வேறென்றால் திசைகளை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

சைக்கிளுக்கு முன்னால் சாலை

சைக்கிள் கடைக்குப் போவதற்கு முன் வீட்டிலிருந்து அலுவலகத்துக்கு எந்த வழி என்று முடிவு செய்யுங்கள். ஒரு வழிக்கு ஐந்து முதல் பன்னிரண்டு கிலோமீட்டர் வரை என்றால் புதியவர்களுக்கு வசதி. சிக்னல்களையும் சேர்த்தால் எட்டு கிலோமீட்டருக்கு நாற்பது நிமிடம் வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் தூரம் என்றால் பாதி வழியைப் புறநகர் ரயிலில் போய், நிலையத்து வண்டி நிறுத்துமிடத்தில் சைக்கிளை விடும் ஏற்பாட்டை யோசியுங்கள்.

மோட்டார் வண்டிக்கு நல்ல வழி சைக்கிளுக்கும் நல்ல வழியாக இருக்காது. மேம்பாலத்தின் மேல் போகும் பெரிய சாலையைவிட, அதற்கு இணையாக ஓடும் உட்தெருக்கள் ஒரு கிலோமீட்டர் கூடுதலானாலும் நிம்மதியானவை. படத்துக்கான விஷயமும் அங்கேதான் இருக்கிறது: கோலம், தண்ணீர் லாரி, இஸ்திரி வண்டி, பால் பூத். ஒரு ஞாயிறு காலையில் முழு வழியையும் ஓட்டிப் பாருங்கள்.

இப்போது, புதியவர்கள் யாரும் கேட்காத ஒரு கேள்வி: உங்கள் சாலை எந்தத் திசையில் ஓடுகிறது?

திருவான்மியூரிலிருந்து பாரிமுனைக்குப் போவது தெற்கிலிருந்து வடக்கு. காலையில் சூரியன் கிழக்கே, அதாவது என் வலப்பக்கம். வெயில் விழுவது இடப்பக்கக் கட்டடங்கள் மேல். நம் ஊரில் வண்டி ஓட்டுவதும் இடப்பக்கம். ஆகவே எதன் மேல் நல்ல வெளிச்சம் விழுகிறதோ அது நான் ஓரங்கட்டி நிற்கும் பக்கத்திலேயே இருக்கிறது. சாலையைக் கடக்க வேண்டியதில்லை. மெரினாவை ஒட்டிய காமராஜர் சாலையில் ராணி மேரிக் கல்லூரி, விவேகானந்தர் இல்லம், மாநிலக் கல்லூரி, பல்கலைக்கழக செனட் இல்லம் என்று வரிசையாகக் கடலைப் பார்த்து நிற்கும் கட்டடங்கள் அனைத்தும் காலை வெயிலை முகத்தில் வாங்குகின்றன. மாலையில் தெற்கு நோக்கித் திரும்பும்போது சூரியன் மேற்கே. மறுபடியும் என் வலப்பக்கம். இப்போது வெளிச்சம் கடற்கரைப் பக்கம் விழுகிறது. உழைப்பாளர் சிலை, பஜ்ஜிக் கடைகள், சாந்தோம் தேவாலயத்தின் வெள்ளைச் சுவர் எல்லாம் இடப்பக்கம். காலையில் வடக்கு, மாலையில் தெற்கு என்று போகிறவர்கள் அனைவருக்கும் இந்த வசதி உண்டு. இதற்காக யாரும் வேலை மாறப் போவதில்லை. ஆனால் இரண்டு வழிகள் இருந்தால் இதைக் கணக்கில் எடுக்கலாம்.

போரூர், அம்பத்தூர் பக்கத்திலிருந்து நகரத்துக்குள் வருபவர்களுக்குக் கதை வேறு. காலையில் கிழக்கு நோக்கி, மாலையில் மேற்கு நோக்கி. இரண்டு வேளையும் வெயில் நேராகக் கண்ணில். இது முதலில் பாதுகாப்புப் பிரச்சினை. உங்களுக்குக் கண் கூசும்போது பின்னால் வரும் லாரி ஓட்டுநருக்கும் கூசுகிறது. அவர் கண்ணில் நீங்கள் படாமல் போகலாம். பளிச்சென்ற சட்டை, பகலிலும் எரியும் சிவப்புப் பின்விளக்கு, முன்பக்கம் மறைப்பு வைத்த ஹெல்மெட் ஆகிய மூன்றும் இவர்களுக்குக் கட்டாயம். படத்தில் இவர்களுக்குக் கிடைப்பது நிழலுருவங்கள், புகை, தூசி, நீண்டு வரும் நிழல்கள்; அதுவும் குறைந்த சொத்து இல்லை. நகரத்துக்குள் குடியிருந்து மேற்கே வேலைக்குப் போகிறவர்களுக்கு இரண்டு வேளையும் வெயில் முதுகில். ஓட்டச் சுகமாக இருக்கும். படங்கள் சற்றுத் தட்டையாக வரும்.

காற்றும் திசை பார்த்துத்தான் வீசும். கோடை மாலைகளில் தென்கிழக்கிலிருந்து வரும் கடற்காற்று தெற்கே திரும்புபவர்களை எதிர்க்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் காலையில் வடக்கே போவது பாடு. அப்போது பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்புங்கள்.

சைக்கிள்

வீட்டில் ஒரு சைக்கிள் தூசி படிந்து நின்றால் அதிலிருந்தே தொடங்கலாம். பிளஸ் ஒன் படிக்கும்போது அரசு கொடுத்த விலையில்லா சைக்கிள் பல வீடுகளில் மாடிப்படிக்கு அடியில் துருப்பிடித்துக் கிடக்கிறது. டயர், டியூப், பிரேக் கட்டை மாற்றி, செயினுக்கு எண்ணெய் விட்டால் வேலைக்கு ஓடும். புதிதாக வாங்குவதென்றால், சென்னை மேடு பள்ளமில்லாத ஊர் என்பதை மறக்காதீர்கள். ஏற்றம் என்று இருப்பவை மேம்பாலங்களும் ஆற்றுப் பாலங்களும்தான். 21 கியர் என்று கடைக்காரர் அடுக்கினாலும் நீங்கள் பயன்படுத்தப்போவது இரண்டோ மூன்றோ. கியர் இல்லாத நல்ல சைக்கிள் பத்தாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். 1949இல் தொடங்கப்பட்ட டிஐ சைக்கிள்ஸ் அம்பத்தூரில் ஆலை வைத்துத் தயாரித்த பிஎஸ்ஏ, ஹெர்குலிஸ் வண்டிகளைப் பார்த்து வளர்ந்த ஊர் இது. ஆகவே உதிரிபாகமும், அதை மாட்டத் தெரிந்த கையும் எல்லாப் பேட்டையிலும் உண்டு.

மட்கார்டு, கேரியர், பக்கவாட்டு ஸ்டாண்டு, பெல், முன்னும் பின்னும் விளக்கு. இந்த ஐந்தும் இல்லாத பளபளப்பான சைக்கிள் வேலைக்குப் போகிறவருக்கு ஆகாது. படம் எடுப்பவருக்கு ஸ்டாண்டு மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் சுவர் தேட வேண்டும், தேடுவதற்குள் காட்சி போய்விடும்.

சீட்டின் உயரத்தைச் சரிசெய்ய ஒரு எளிய வழி. சுவரைப் பிடித்தபடி சீட்டில் உட்கார்ந்து, பெடலைக் கீழ்நிலைக்குக் கொண்டுவந்து அதன் மேல் குதிகாலை வையுங்கள். கால் முழுதாக நீள வேண்டும். ஓட்டும்போது பெடலை மிதிப்பது பாதத்தின் முன்பகுதி என்பதால் முழங்கால் சிறிது மடங்கி இருக்கும். அதுதான் சரியான அளவு. நகரத்தில் பாதிப் பேர் சீட்டைத் தாழ்வாக வைத்து ஓட்டிவிட்டு, சைக்கிள் ஓட்டினால் முழங்கால் வலிக்கிறது என்கிறார்கள். நின்று நின்று படம் எடுக்கும் உங்களுக்கு மட்டும் ஒரு சலுகை: ஒரு விரற்கடை இறக்கிக்கொள்ளலாம், நிற்கும்போது தரை எட்டும்.

காற்று வாரம் ஒருமுறை. மோட்டார் சைக்கிளில் இருப்பது போன்ற தடித்த வால்வு என்றால் பெட்ரோல் பங்கிலேயே பிடிக்கலாம். மெல்லிய வால்வு என்றால் ஒரு கைப்பம்பு வாங்கிவிடுங்கள். எவ்வளவு பிடிக்க வேண்டும் என்பது டயரின் பக்கவாட்டிலேயே அச்சிட்டிருக்கும்.

வழியில் இருக்கும் பஞ்சர் கடைக்காரரை முதல் வாரத்திலேயே அறிமுகம் செய்துகொள்ளுங்கள். அவசரத்துக்கு உதவுவார் என்பது ஒன்று. டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வரும் இடத்தைத் தேடும் அந்தக் கைகளையும், கறுத்த தண்ணீர்த் தொட்டியையும் விட நல்ல காட்சியை அந்தச் சாலையில் நீங்கள் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

கேமரா

முதல் ஆறு மாதத்துக்குக் கைப்பேசியே போதும். அதன் பிறகும் ஆசை குறையாவிட்டால், உள்ளே கண்ணாடி வைத்த பெரிய டிஎஸ்எல்ஆர் பக்கம் போகாமல், அந்தக் கண்ணாடி இல்லாத சிறிய மிரர்லெஸ் கேமராவும், முழுச் சட்டக (35 மிமீ ஃபிலிம்) கணக்கில் 28 முதல் 40 மிமீக்குள் வரும் ஒரே ஒரு லென்ஸும் வாங்குங்கள். லென்ஸ் மாற்றும் வேலையைச் சாலையோரத் தூசியில் வைத்துக்கொள்ளக் கூடாது.

எதில் எடுத்துப் போவது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஹேண்டில்பாரில் மாட்டும் பையோ, கேரியரில் கட்டும் பெட்டியோ கேமராவுக்கு ஆகாது; நம் சாலைகளின் ஒவ்வொரு குழியும் நேராக லென்ஸில் போய் இடிக்கும். உடம்போடு ஒட்டிய பையில் இருந்தால் அதிர்ச்சியை உடம்பு வாங்கிக்கொள்ளும். குறுக்காக மாட்டும் பை, அதோடு இடுப்பில் ஒரு பட்டை. பட்டை இல்லாவிட்டால் குனிந்து மிதிக்கும்போது பை முன்னால் சரிந்து முழங்காலில் தட்டும். கைப்பேசியை ஹேண்டில்பாரில் பொருத்தி வழி பார்க்கும் பழக்கமும் வேண்டாம். சக்தி வாய்ந்த மோட்டார் சைக்கிள் இன்ஜின்களின் அதிர்வு ஐபோன் கேமராவின் நடுக்கத் தடுப்பு அமைப்பைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021இல் எச்சரித்தது. சைக்கிளில் இன்ஜின் இல்லைதான். மெட்ரோ பணிக்காகத் தோண்டி மூடிய சாலைகள் இருக்கின்றனவே.

முதல் வாரம் படமே எடுக்காதீர்கள்

கேமராவை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். இந்த வாரம் சாலையைக் கற்றுக்கொள்வதற்கு. எந்த சிக்னலில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், எந்த நிறுத்தத்தில் பஸ் திடீரென்று இடப்பக்கம் ஒடிக்கும், எந்த முனையில் எதிர்த்திசையில் வண்டி வரும், எங்கே நாய்கள், எங்கே மூடியில்லாத குழி. சாலையின் விளிம்பை ஒட்டிப் போகாமல், நடைபாதையிலிருந்தும் நிறுத்தியிருக்கும் கார்களிலிருந்தும் ஒரு கை தூரம் விலகிப் போங்கள். கார்க் கதவு திறப்பதற்கு முன்னறிவிப்பு எதுவும் வராது. நிறுத்தத்தில் நிற்கும் பஸ்ஸுக்கு இடப்பக்கமாக நுழையவே கூடாது, அங்கே ஆட்கள் இறங்குகிறார்கள். பெரிய சந்திப்பில் வலப்பக்கம் திரும்ப வேண்டுமானால் இறங்கி, நடந்து கடங்கள். கௌரவக் குறைவு ஒன்றுமில்லை.

அதோடு, நிற்கத் தகுந்த இடங்களை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். நல்ல காட்சியும், சைக்கிளை நிறுத்த இரண்டடி இடமும் சேர்ந்து அமைய வேண்டும். பத்து கிலோமீட்டரில் இப்படி ஏழெட்டு இடம் தேறினால் அதிர்ஷ்டம்.

நிற்கும் முறை

இரண்டாவது வாரம் கேமராவை எடுங்கள். ஒரு விதியை மட்டும் மீறக் கூடாது: சக்கரம் சுற்றும்போது கேமரா பைக்குள். ஒரு கையால் ஓட்டிக்கொண்டு மறு கையால் படம் எடுத்தவர்களின் படங்களைப் பார்த்திருக்கிறேன். விழுந்தாலும் விழாவிட்டாலும் படம் கோணலாகத்தான் இருக்கிறது.

காட்சியைக் கண்டவுடன் பிரேக்கை அழுத்தாதீர்கள். பின்னால் திரும்பிப் பாருங்கள், இடக் கையை நீட்டுங்கள், வேகத்தைக் குறைத்து ஓரத்துக்கு வாருங்கள். காட்சியைக் கடந்து பத்தடி போய் நிற்பதே நல்லது. திரும்பி நடந்து வரும்போது எந்தக் கோணம் என்று யோசிக்க நேரம் கிடைக்கும். ஸ்டாண்டு போட்டு, பூட்டி, அதன் பிறகு பையைத் திறங்கள். ஒரு நிமிட வேலைதானே என்று பூட்டாமல் போகாதீர்கள், திருடனுக்கும் அது ஒரு நிமிட வேலைதான். இவ்வளவும் செய்வதற்குள் காட்சி கலைந்துவிடாதா என்றால், பெரும்பாலும் கலைந்துவிடும். நாளைக்கும் நீங்கள் இதே வழியாகத்தான் போகப் போகிறீர்கள்.

காலையில் இரண்டு நிறுத்தத்துக்கு மேல் வேண்டாம். வழக்கமான பயண நேரத்தோடு இருபது நிமிடம் கூட்டிக் கிளம்புங்கள்.

வெளிச்சக் கணக்கு

சென்னையில் ஜூன் தொடக்கத்தில் சூரியன் 5.40 மணியளவில் உதிக்கிறது. ஜனவரி இறுதியில் 6.35 ஆகிவிடுகிறது. மறைவது நவம்பர் இறுதியில் 5.40 அளவில், ஜூலை தொடக்கத்தில் 6.40 அளவில். சூரியன் தாழ்வாக இருக்கும் வேளையைப் பொன்னொளி நேரம் என்று ஐரோப்பிய ஒளிப்படக்காரர்கள் நீட்டி முழக்குவது நமக்குப் பொருந்தாது. நாம் பூமத்திய ரேகையிலிருந்து பதின்மூன்று பாகை தூரத்தில்தான் இருக்கிறோம். சூரியன் சரிவாக நகராமல் கிட்டத்தட்ட நேராக மேலே ஏறுகிறது. உதித்த ஒரு மணி நேரத்தில் பதின்மூன்று, பதினான்கு பாகை உயர்ந்துவிடும். மஞ்சள் வெயில், நீண்ட நிழல் எல்லாம் அந்த ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தது. பத்து மணி அலுவலகத்துக்கு ஒன்பதரைக்குக் கிளம்புபவருக்கு அந்த வெளிச்சம் கிடைக்காது. கோடையில் ஆறு மணிக்கும் குளிர்காலத்தில் ஆறரைக்கும் கிளம்பி, அலுவலகத்துக்கு அருகில் இட்லி சாப்பிட்டு, நாளிதழ் படித்துவிட்டு உள்ளே போகிறவருக்குக் கிடைக்கும். காலைப் போக்குவரத்தும் வியர்வையும் பாதியாகக் குறையும் என்பது கூடுதல் லாபம்.

ஏப்ரல் 24, 25 தேதிகளிலும் ஆகஸ்ட் 18ஐ ஒட்டியும் சென்னையில் நடுப்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். கம்பத்துக்கு நிழலே விழாது. அதை ஒருமுறை எடுத்துப் பார்க்கலாம். மற்ற நாட்களின் நடுப்பகலில் மனிதர்களை எடுக்காதீர்கள். எல்லோர் கண்ணும் குழிக்குள் போய்விடும். கிழக்கு மேற்காக நேராக ஓடும் தெரு உங்கள் வழியில் இருந்தால் மார்ச் 20, செப்டம்பர் 22 தேதிகளை ஒட்டிய காலைகளைக் குறித்து வையுங்கள். அன்று சூரியன் தெருவின் முனையிலேயே எழும்.

வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பதை ஒரே ஒரு பொருளை வைத்துப் பழகலாம்: இட்லிக் கடை ஆவி. நடைபாதைக் கடையில் பாத்திரத்தின் மூடியைத் திறக்கும்போது ஆவி பொங்குகிறது. வெயில் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் படத்தில் அந்த ஆவி அநேகமாகத் தெரியாது. கடையைச் சுற்றி நடந்து, ஆவி உங்களுக்கும் சூரியனுக்கும் நடுவில் வரும்படி நில்லுங்கள். பின்னணியில் இருட்டாக ஏதாவது வேண்டும். மூடிய கடையின் ஷட்டரோ மரநிழலோ போதும். இனி கைப்பேசித் திரையில் ஆவியின் மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள், ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். பக்கத்தில் தோன்றும் சூரியக் குறியைச் சற்றுக் கீழே இழுங்கள். ஷட்டர் கறுப்பாகும், ஆவி வெள்ளையாகச் சுருள் சுருளாக எழும்பும், கடைக்காரரின் முகத்தோரத்தில் ஒரு ஒளிக்கோடு நிற்கும். அவர் அடுத்த ஈடு எடுக்கும்வரை காத்திருங்கள். அதற்குள் இரண்டு இட்லி வாங்கிச் சாப்பிடுவது மரியாதை.

சாந்தோம் தேவாலயம் போன்ற வெள்ளைக் கட்டடத்தை எடுக்கும்போது அதே சூரியக் குறியை மேலே தள்ள வேண்டும். சட்டகம் முழுக்க வெள்ளையாக இருந்தால் கேமரா பயந்து வெளிச்சத்தைக் குறைத்து, சுண்ணாம்புச் சுவரைச் சாம்பல் நிறமாக்கிவிடும்.

இன்னும் இரண்டு சொல்கிறேன். படம் எடுக்குமுன் கைப்பேசியின் லென்ஸைத் துடையுங்கள்; கன்னத்து எண்ணெயும் வியர்வையும் படிந்த லென்ஸில் எந்த வெளிச்சமும் மங்கல்தான். விரல்களால் விரித்துப் பெரிதாக்காதீர்கள். நடந்து கிட்டே போங்கள்.

ஒரே இடம்

நியூயார்க்கில் பில் கன்னிங்ஹாம் என்றொருவர் இருந்தார். நியூயார்க் டைம்ஸ் நாளிதழுக்காகத் தெருவில் போகிறவர்களின் உடைகளைப் பல பத்தாண்டுகள் படம் எடுத்தவர். 2016இல் தமது 87ஆம் வயதில் இறந்தார். நீல நிறத் தொழிலாளர் சட்டை, கழுத்தில் கேமரா, ஏறிப் போக ஒரு சைக்கிள். அவருடைய சைக்கிள்கள் பல முறை திருடுபோயின, ஒவ்வொரு முறையும் இன்னொன்று வாங்கிக்கொண்டார். ஐந்தாம் அவென்யூவும் 57ஆம் தெருவும் சந்திக்கும் முனைக்கு அவர் திரும்பத் திரும்ப வந்து நின்றார். 1978இல் ஒரு பெண்மணியின் கோட்டில் தோள்பகுதி தைக்கப்பட்டிருந்த அழகைப் பார்த்துப் படம் எடுத்தார்; அந்தப் பெண்மணி நடிகை கிரேட்டா கார்போ என்பது பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. தையலைத்தான் அவர் கண் தேடியது.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பயிற்சி: முதல் வாரத்தில் குறித்து வைத்த இடங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஒரு மாதம் தினமும் அங்கே ஒரு நிமிடம் நின்று ஒரு படம். பஸ் நிறுத்தமாக இருக்கலாம், பூக்கடையாக இருக்கலாம், அடையாற்றின் மேலுள்ள திரு.வி.க. பாலத்துக் கைப்பிடிச் சுவராக இருக்கலாம். அடையாற்றில் ஓதம் ஏறியிருக்கும் நாளும் வடிந்திருக்கும் நாளும் ஒன்றுபோல் இருக்காது. கொக்குகள் நிற்கும் இடம் மாறும், சேற்றின் நிறம் மாறும். பள்ளிக்கரணை வழியாகப் போகிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2022இல் சேர்ந்த சதுப்புநிலம் சாலையோரத்திலேயே கிடக்கிறது. கூழைக்கடாவும் நீலத் தாழைக்கோழியும் கைப்பேசியில் புள்ளியாகத்தான் விழும். அதனால் பறவையை விட்டுவிட்டு, நீரையும் கோரையையும் பின்னால் நெருக்கி நிற்கும் அடுக்குமாடிகளையும் சேர்த்து எடுங்கள்.

மனிதர்கள், தடைகள்

தெரிந்தவர்கள் தயாராகவே முகம் கொடுப்பார்கள், தெரியாதவர்களிடம் கேட்டுவிடுங்கள். “அக்கா, ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா?” என்ற கேள்விக்கு மறுப்பு வந்தால் ஒரு சிரிப்போடு கிளம்பிவிடலாம். நாளையும் அவர் முன்னால்தான் போக வேண்டும், முகம் கோணக் கூடாது. எடுத்ததைக் காட்டுங்கள், அழிக்கச் சொன்னால் அவர் கண் முன்னால் அழியுங்கள். குழந்தைகள் என்றால் பெற்றோரிடம் கேட்காமல் எடுக்க வேண்டாம். நடைபாதையில் உறங்குகிறவர்களை எடுப்பதை நான் ஒருபோதும் ஒப்புவதில்லை. அவர்களுக்கு மறுக்கும் வாய்ப்பே இல்லை.

என் வழியில், மெரினாவின் வடக்கு முனையிலுள்ள நேப்பியர் பாலம் வரை தாராளமாக எடுக்கலாம். 2022இல் செஸ் ஒலிம்பியாடுக்காக அதற்குக் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் பூசியபோது நகரமே வந்து எடுத்தது. அதைத் தாண்டினால் கடற்படை வளாகம், தலைமைச் செயலகம் இருக்கும் கோட்டை, ரிசர்வ் வங்கி, துறைமுகம் என்று வரிசையாகக் காவல் உள்ள இடங்கள். கேமராவைப் பைக்குள் வைத்துவிடுங்கள். ரயில் நிலையத்துக்குள்ளும் அனுமதி இல்லாமல் எடுப்பது சிக்கல். காவலர் யாராவது கேட்டால் வாதம் செய்யாமல் படத்தைக் காட்டி, வேலைக்குப் போகும் வழி என்று சொன்னால் பெரும்பாலும் அதோடு முடியும்.

வியர்வை, மழை, பூஞ்சை

அலுவலகத்துக்கு ஓட்டிய சட்டையோடு போகாதீர்கள். திங்கட்கிழமை பஸ்ஸில் போய், ஐந்து நாள் சட்டைகளை அலுவலகத்தில் வைத்துவிட்டு வருவது ஒரு வழி. போய்ச் சேர்ந்ததும் உடனே உடை மாற்றாமல் பத்து நிமிடம் மின்விசிறிக்கு அடியில் உட்காருங்கள். வியர்வை நின்ற பிறகு ஈரத்துண்டால் துடைத்து மாற்றினால் நாற்றம் என்ற பேச்சே இல்லை. கத்திரி வெயில் காலத்தில் ஒரு லிட்டர் தண்ணீராவது கூடவே இருக்கட்டும்.

குளிரூட்டிய அறையிலிருந்து கேமராவை நேராக வெளியே எடுத்தால் லென்ஸில் நீர் படியும். கிளம்புவதற்கு இருபது நிமிடம் முன்பு, பையை மூடியபடியே வெளி வராந்தாவில் வையுங்கள். சென்னையின் ஈரப்பதத்தில் அலமாரியில் பல நாள் கிடந்த லென்ஸுக்குள் பூஞ்சை பிடிப்பது சகஜம். விலை உயர்ந்த பெட்டி வாங்க முடியாதவர்கள், ரப்பர் விளிம்பு வைத்து இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைத்தால் போதும். நிறம் மாறும் வகை ஜெல் வாங்கினால் எப்போது உலர்த்த வேண்டும் என்று அதுவே சொல்லும். எல்லாவற்றையும்விடச் சிறந்த மருந்து, தினமும் கேமராவை வெளியே எடுப்பது.

கடலோரமாகப் போகிறவர்கள் வாரம் ஒருமுறை ஈரத்துணியால் கேமராவையும், நல்ல தண்ணீரால் சைக்கிளையும் துடையுங்கள். செயினை உலரவிட்டு எண்ணெய் விட்டு, மிஞ்சியதைத் துணியால் வழித்துவிடுங்கள். உப்புக்காற்று ஒரே பருவத்தில் செயினைச் சிவப்பாக்கிவிடும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை கொட்டும் நாளில் சைக்கிளை எடுக்க வேண்டாம். தேங்கிய தண்ணீருக்குள் எங்கே மூடி திறந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. மழை விட்ட மறுநாள் காலைதான் உங்கள் நாள். தூசி அடங்கியிருக்கும், சுவர்களின் நிறம் கூடியிருக்கும், பள்ளங்களில் வானம் கிடக்கும். கைப்பேசியைத் தலைகீழாகப் பிடித்து, லென்ஸ் தண்ணீரைத் தொடாத குறையாக இறக்கி எடுத்துப் பாருங்கள். கையளவு குட்டையில் முழுக் கட்டடமும் விழும்.

மாலையில்

நவம்பர், டிசம்பரில் ஆறு மணிக்கு வேலை முடிந்தால் வெளியே இருட்டு. அதற்காகக் கேமராவை மூட்டை கட்ட வேண்டாம். பழக்கடை பல்பு, டீக்கடைக் குழல்விளக்கு, பஸ்ஸின் உள்வெளிச்சம் என்று தெருவே விளக்கு பிடிக்கிறது. கேமராவின் ஒளி உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ எண்ணில் 1600க்கு மேல் தைரியமாகப் போங்கள். சற்று வெளிச்சம் மிச்சம் இருக்கும்போது ஒரு விளையாட்டு: ஷட்டர் வேகத்தை 1/30 நொடியில் வைத்து, சாலையோரம் நின்று, கடந்து போகும் சைக்கிள்காரரோடு கேமராவையும் ஒரே வேகத்தில் திருப்பிக்கொண்டே எடுங்கள். அவர் தெளிவாகவும், பின்னணி கோடு கோடாகவும் வரும். பத்துக்கு ஒன்று தேறும். ஷட்டர் வேகத்தை நாமே வைக்கும் புரோ முறை கைப்பேசியில் இருந்தால் அதிலும் செய்யலாம்.

வீடு வந்ததும் அன்றைய படங்களை அன்றே பாருங்கள். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அழியுங்கள். மனம் வராவிட்டால் இரண்டு. தேதி வாரியாக அடுக்குவதைவிட இட வாரியாக அடுக்கினால், ஒரே பூக்கடையின் ஆடியும் மார்கழியும் பக்கத்தில் பக்கத்தில் வரும். எதை இன்னும் எடுக்கவில்லை என்பது அப்போது தெரியும்.

மாதம் ஒருமுறை நாலைந்து படங்களை 4க்கு 6 அளவில் அச்சுப் போடுங்கள். பக்கத்து ஸ்டூடியோவில் டீச் செலவுக்குள் முடியும். மேட் தாள் கேளுங்கள், விரல் ரேகை தெரியாது. ஒன்றைப் பஞ்சர் கடைக்காரருக்கு, ஒன்றை இட்லிக் கடை அக்காவுக்கு. பின்பக்கம் இடமும் தேதியும் எழுதும்போது மை காய்ந்த பிறகு அடுக்குங்கள். இல்லாவிட்டால் அடுத்த படத்தின் முகத்தில் ஒட்டிக்கொள்ளும்.